உப்புக் காற்றில் நிற்கும் பழைய கார்: துருவை வீட்டிலேயே எடுப்பது எப்படி?

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1999-ல் பதிவான வெள்ளை மாருதி 800. அப்பா வாங்கியது. வீடு ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு வந்துவிடும். காரின் கதவுக்கு அடியில் பிடித்த துருவை முதல் தடவை நானே சரிசெய்தபோது, இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன், பட்டி வைத்தேன், வெள்ளை ஸ்ப்ரே அடித்தேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அந்த வருட வாடைக்காற்றுக் காலம் முடிவதற்குள் அதே இடம் அப்பளம் மாதிரிப் பொங்கிவிட்டது.

கீழக்கரையில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் (அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கொண்டுபோய்க் காட்டினேன். பெயிண்டை விரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். உள்ளிருந்து ஈரமான பழுப்புப் பொடி உதிர்ந்தது. "சீழை உள்ள வச்சுத் தச்சிருக்கீகளே தம்பி" என்றார்.

சீழ் என்று அவர் சொன்னது துருவை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது உப்பு. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் துருவைத் தேய்த்து எடுத்தால் போதும், பாதிக்கு மேல் வேலை முடிந்தது. நம் கரையில் துருவை எடுத்த பிறகு, அதன் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் உப்பையும் எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் எங்கேயும் கிடைக்கும் விஷயம்தான். உப்பைக் கழுவும் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

உப்பு என்ன செய்கிறது

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு கலந்த தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதால் அதே வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. இன்னொரு குணமும் உப்புக்கு உண்டு. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அது அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே மழை பெய்யாவிட்டாலும், கார் நகராவிட்டாலும், பெயிண்டுக்கு அடியில் மாட்டிய உப்பு தினமும் ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு வேலை பார்க்கும்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு என்ன ஆனது என்று நம் எல்லோருக்கும் தெரியும். தூக்குப் பாலப் பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் இரும்பு அரிப்பைப் படிக்க மண்டபம் ஊரில் தனியாக ஒரு மையமே வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக்காக உலோகத்தை அரிக்க விடுகிற ஊரில் நாம் காரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

எப்போது தொடங்கலாம்

மாசி, பங்குனி. அதற்கு முன்னால் வாடையின் ஈரம். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பி மணலையும் உப்பையும் சேர்த்து அடிக்கும். கச்சான் காலத்தில் வெட்டவெளியில் பெயிண்ட் அடித்தால் அதுவே ஒரு உப்புத்தாள் ஆகிவிடும்.

நாளில் காலை பத்து மணிக்கு மேல், மாலை மூன்று மணிக்குள். விடியற்காலையில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும். நிழல் வேண்டும், ஆனால் காற்றோட்டமும் வேண்டும். தென்னங்கீற்றுக் கொட்டகை என்றால் மேலே ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஈர பெயிண்டில் கீற்றுத் தூசி விழும்.

ஒரு சமயத்தில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கதவையும் ஒரே நாளில் தேய்த்துப் போட்டால், நான்காவதற்கு வருவதற்குள் முதல் கதவு மறுபடி பழுத்திருக்கும்.

முதலில் நோண்டிப் பாருங்கள்

கண்ணுக்குத் தெரியும் துரு சின்னது. உள்ளே கிடப்பதுதான் பெரியது. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சின்னக் காந்தமும் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வாருங்கள்.

தரை விரிப்பை முழுக்கத் தூக்குங்கள். அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டை ஈரமாக இருந்தால் தரைத் தகடு அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரித் தட்டு, கதவின் கீழ் விளிம்பு, முன்கண்ணாடி ரப்பருக்கு அடி, சக்கர வளைவின் உள்மடிப்பு, ரன்னிங் போர்டு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, எல்லாவற்றையும் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பழைய சொந்தக்காரர் யாரோ தடிமனாகப் பட்டி அப்பியிருக்கிறார். சந்தேகமான இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். டங் என்று எதிர்த்தால் நல்லது. கரகரவென்று செதில் உதிர்ந்தாலும் உள்ளே தகடு கெட்டியாக இருந்தால் நம் கைக்கு அடங்கும். முனை உள்ளே போய்விட்டால் ஓட்டை.

காரின் எந்தப் பக்கம் அதிகம் அரித்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். எங்கள் காருக்கு இடப்பக்கம்தான் மோசம். வருடக்கணக்காக அந்தப் பக்கத்தைத் தெற்குக் கடலுக்குக் காட்டி நிறுத்தியிருக்கிறோம். இப்போது மாதம் ஒரு முறை திருப்பி நிறுத்துகிறேன்.

இனி, தொடக்கூடாத இடங்கள். இதில் சமரசம் கிடையாது. மாருதி 800 போன்ற கார்களுக்கு லாரி மாதிரித் தனிச் சேஸிஸ் இல்லை. உடம்புத் தகடே எலும்பு. அதனால் ரன்னிங் போர்டு, முன் சஸ்பென்ஷன் மேலே போய் உட்காரும் கோபுரம், பின் அச்சு பிடிக்கும் இடம், ஸ்டீயரிங் பிடிப்பு, சீட்டும் சீட் பெல்ட்டும் மாட்டியிருக்கும் இடம், இங்கெல்லாம் ஓட்டை விழுந்திருந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பிரேக் குழாய் துருப்பிடித்திருந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க மெலியும், மாற்றிவிடுங்கள். பெட்ரோல் டாங்க், அதன் குழாய் பக்கத்தில் கிரைண்டர் பொறி பறக்கக் கூடாது.

காருக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கி வைக்கும் இடமே துருவில் முதலில் போகும் இடங்களில் ஒன்று. ஸ்டாண்டு வையுங்கள், கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளிவிடுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

தேய்ப்பது

தேவையானவை: கம்பி பிரஷ், 80, 120, 220, 400 நம்பர் உப்புத்தாள், கண்ணாடி, முகமூடி, கையுறை. கிரைண்டர் இருந்தால் கம்பிக் கிண்ணம் மாட்டிக்கொள்ளலாம். கல் சக்கரம் வேண்டாம். கார் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கல் சக்கரம் துருவோடு தகட்டையும் தின்றுவிடும், சூட்டில் தகடு நெளியும். கிரைண்டரில் இருந்து கம்பி முடி தெறித்துக் கண்ணில் ஏறும். கண்ணாடி போடாமல் செய்கிறவர்களைப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேறு எவ்வளவோ இருக்கிறது.

தேய்க்கும் முன்னால் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கழுவாமல் தேய்த்தால் மேலே கிடக்கும் உப்பையே உள்ளே அரைத்து ஏற்றுவீர்கள்.

பொங்கிய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே போங்கள். துரு எப்போதும் தெரிகிற எல்லையைத் தாண்டி ஊர்ந்திருக்கும். நல்ல பெயிண்ட் தகட்டை விடாமல் பிடித்திருக்கும் இடம் வரும். அதற்கு மேலும் ஓர் அங்குலம் போய் நிறுத்துங்கள். சின்னப் புள்ளியாகத் தெரிந்தது உள்ளங்கை அளவாகிவிடும். மனது கேட்காது, பரவாயில்லை. முதலில் 80, பிறகு 120, ஓரத்தை 220 கொண்டு சரிவாக இழையுங்கள்; விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது.

போல்ட், பிராக்கெட் போன்ற கழற்றக்கூடிய சாமான்களைத் தேய்த்து அலுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் பிரஷ் போட்டு, சோடா உப்புக் கரைசலில் முக்கி, கழுவி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

உப்பை வெளியேற்றுவது

தகடு பளபளவென்று தெரிகிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் கறுப்பாகக் குத்துக் குத்தாகக் குழிகள் இருக்கும். உப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எந்த உப்புத்தாளும் அங்கே இறங்காது. தண்ணீர்தான் இறங்கும்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. நம் ஊர்களில் பாதி போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதைக் கொண்டு கழுவுவது, எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெயாலேயே துடைக்கிற மாதிரி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடாக இருந்தால் இரண்டு குடம் தனியாக எடுத்து வையுங்கள். (குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுவதா என்று வீட்டில் சண்டை வரும். எங்கள் வீட்டில் வந்தது. இப்போது ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் மூடி வைத்துக்கொள்கிறேன்.)

தண்ணீரைச் சுடவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் குழிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். மறுபடி கழுவுங்கள். மூன்று தடவை. நான்காவதாக, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி அதை ஊற்றிக் கழுவுங்கள். உடனே துடைத்து, தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டிக் காயவையுங்கள்.

பிறகு ஒரு மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். தகடு முழுக்க லேசாக மங்கினால் அது காற்றின் ஈரம். 220 உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். குழிகளில் மட்டும் புள்ளி புள்ளியாகப் பழுப்பு கிளம்பினால் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து. என் காரின் வலது பின்கதவுக்கு ஐந்து சுற்று ஆனது.

பள்ளியில் வேதியியல் எடுக்கும் நண்பர் யாராவது இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சால் குழியைத் துடைத்து, பஞ்சை ஒரு சோதனைக் குழாயில் பிழிந்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடச் சொல்லுங்கள். பால் மாதிரி வெளுத்தால் குளோரைடு இருக்கிறது. குழாய்த் தண்ணீரிலேயே குளோரைடு இருப்பதால் அதைக் கொண்டு இந்தச் சோதனை செய்யக் கூடாது. சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் சில நாளுக்குக் கறுப்பு போகாது.

கன்வெர்ட்டர், பிரைமர்

ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கடையில் விற்பதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். குழியில் எஞ்சிய துருவோடு சேர்ந்து அதைக் கறுப்பாக, நிலையான ஒன்றாக மாற்றும். துருவை மாற்றுமே தவிர உப்பை ஒன்றும் செய்யாது. செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் இதைத் தடவி வேலையை முடிக்க நினைப்பவர்களுக்குத்தான் மறு வருடமே வேலை வருகிறது. குழிகளில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிடுங்கள். மேலே எந்த பிரைமர் (அடிப்பூச்சு) ஒத்துப்போகும், கழுவ வேண்டுமா என்பதும் டப்பாவிலேயே இருக்கும். அமிலம் மிச்சமிருந்தால் அடுத்து அடிக்கும் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது.

பிரைமர் விஷயத்தில் என் தீர்ப்பு: எபாக்சி. வீட்டு கேட்டுக்கும் சன்னல் கம்பிக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடைக் கொண்டு பலர் முடித்துவிடுகிறார்கள். கேட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி அடிக்கலாம், காருக்கு அப்படி அடிப்பீர்களா? எபாக்சி இரண்டு டப்பாவாக வரும். சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும், கலந்தபின் சில மணி நேரத்தில் இறுகிவிடும். எனவே ஒரு சின்னக் கிண்ண அளவு மட்டும் கலக்குங்கள். தகட்டைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அதன் பிறகு வெறும் விரல் படாமல், இரண்டு பூச்சு. ஸ்ப்ரே கன் வேண்டாம். பிரஷ்ஷே போதும், குழிக்குள் நன்றாக இறங்கும். தேய்த்த அதே நாளில் பிரைமர் ஏறிவிட வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பது நம் கரையில் செல்லாது.

ஓட்டை இருந்தால்

சுமை தாங்காத இடத்தில், அதாவது தரைத் தகட்டின் நடுவிலோ ஸ்டெப்னிக் குழியிலோ காசு அளவு ஓட்டை என்றால், நம் ஊருக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. ஃபைபர் படகு கட்டுகிற, பழுதுபார்க்கிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ரெசினும் கண்ணாடியிழையும் கிடைக்கும். அரித்த ஓரத்தை நல்ல தகடு வரும்வரை வெட்டிவிட்டு, எபாக்சி பிரைமரை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இழைத் துணியை ரெசினில் நனைத்து மேலும் கீழுமாக ஒட்டலாம். படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின் இரும்பை அவ்வளவு இறுகப் பிடிக்காது. எபாக்சி ரெசின் கேட்டு வாங்குங்கள். அதற்கு நெய்த துணிதான் சரி, படகுக்கான மேட் (நறுக்கிய இழைகளை ஒட்டிய பாய்) எபாக்சியில் சரியாக ஊறாது.

பாலியெஸ்டர்தான் கிடைத்தது என்றால் ஓர் எச்சரிக்கை. அதை இறுகவைக்க ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் என்று இரண்டு திரவங்கள் சேர்ப்பார்கள். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்டை விட வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். படகு கட்டுகிறவர் யாரிடமாவது கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

இந்த ஒட்டு தண்ணீரைத் தடுக்கும், பலம் தராது. பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது ஆய்வாளர் அடியில் தட்டிப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டியும் பெயிண்டும்

பட்டியைத் தகட்டின் மேல் நேராக வைக்காதீர்கள். எபாக்சியின் மேல் வையுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பள்ளம் அதைவிட ஆழமாக இருந்தால் தகட்டைத் தட்டி நிமிர்த்த வேண்டும். பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கக் கூடாது. அது பஞ்சு மாதிரி உறிஞ்சும், அதிலும் நம் தண்ணீரை உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். உலர்ந்தபடியே 120, 220 கொண்டு தேய்த்து, மேலே ஒரு பூச்சு பிரைமர்.

கலர் பூச்சுக்கு ஸ்ப்ரே டப்பா போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல், மெல்லிய பூச்சாக மூன்று நான்கு. இடையில் பத்து நிமிடம். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது. வெள்ளை என்றால் எல்லா வெள்ளையும் ஒன்றில்லை. இருபது வருட வெயிலில் பழுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் புது வெள்ளை பல்லிளிக்கும். கதவுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் விட்டுவிட்டேன். வேறு கலருக்கே மாற்றிவிட ஆசை வந்தால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

உள்பக்கம்

வெளியே எவ்வளவு அழகாகச் செய்தாலும் கதவு துருப்பிடிப்பது உள்ளிருந்துதான். கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்கு. அவை மணலும் குப்பையும் சேர்ந்து அடைத்திருக்கும். ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். பட்டி வைக்கும்போதும் பெயிண்ட் அடிக்கும்போதும் அவற்றை அடைத்துவிடாதீர்கள். நான் முதல் தடவை செய்த இரண்டாவது தப்பு அது.

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து, கேவிட்டி வாக்ஸ் (தகட்டின் உள்பக்கத்துக்கு அடிக்கும் மெழுகு) டப்பாவின் நீளக் குழாயை அந்தத் துளை வழியாக விட்டு உள்ளே அடியுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் அடியில் பீய்ச்சும் பழைய எஞ்சின் ஆயிலை நான் விரும்புவதில்லை. ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சொட்டுகிற இடத்தில் மண்ணையும் கெடுக்கும். கருப்புத் தார்ப் பூச்சு அடிப்பதானால் சுத்தமான பிரைமரின் மேல் மட்டும்.

அதன் பிறகு

தனுஷ்கோடி போய் அரிச்சல்முனை வரை ஓட்டிவிட்டு வந்தால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். ஐஸ் போட்ட மீன் பெட்டியை டிக்கியில் வைத்து மதுரைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோவது நம் எல்லோருக்கும் வழக்கம்தான். அந்த ஐஸ் உருகும் தண்ணீர் நேராக ஸ்டெப்னிக் குழியில் போய்த் தங்கும். பெட்டிக்கு அடியில் ஓர் அகலத் தாம்பாளம் வையுங்கள், திரும்பி வந்ததும் ஸ்டெப்னியைத் தூக்கித் துடைத்துவிடுங்கள்.

கார்த்திகை பிறந்ததும், செய்த இடத்தை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். மிளகு அளவு கொப்புளம் தட்டுப்பட்டாலும் அது வெடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மழை விட்ட ஒரு வெயில் நாளில் பிளேடால் கீறித் திறந்து, குழியைக் கழுவி, காயவைத்து, எபாக்சியை ஒரு சொட்டு வையுங்கள். மிளகு அளவில் பிடித்தால் அரை நாள் வேலைதான்.